ஏழு சித்தப்பாவும் ஒரு குத்துவிளக்கும்

ஒருநாள் காலை ஆறரைக்கு சித்தப்பாவின் வாட்ஸ்அப்பில் திருப்பூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, ரெண்டடி விளக்கு நல்லாருக்குங்க. உள்ள பனியனோட நிக்கிறது யாருங்க?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மனுஷர் சொன்னது நிஜம். விளக்குத் தண்டில் ஏழு உருண்டை. உருண்டைக்கு ஒருத்தராக ஏழு சித்தப்பா. ஏழு பேரும் கைவைத்த பனியன், ஏழு பேருக்கும் இடது கண் மூடியிருக்கிறது. மூன்றாவது உருண்டையில் டிவி சீரியல் ஓடுகிறது. அடியில் இருக்கிற பெரிய உருண்டையில் கூடம் மொத்தமும் வந்துவிட்டது: கொடித் துண்டு, சுவர்க் காலண்டர், முறத்தோடு சித்தி. காலண்டரில் தேதி தெரியவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சித்தப்பா வெட்கப்படுகிற ஆளா? "பாத்தியாடா, எவ்ளோ க்ளியரா விழுந்திருக்கு! குடுத்த காசு பேசுது" என்றார்.

காசு எதற்குக் கொடுத்தார் என்பதுதான் விஷயம். நாச்சியார்கோவில் பட்டறையிலிருந்து விளக்கு எடுத்து ஆன்லைனில் விற்கக் கேமரா வேண்டும் என்று போனவர், அறுபது மடங்கு ஜூம் இருக்கிற ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கடைப்பையன் வாசலுக்குக் கூட்டிப்போய், சாரங்கபாணி கோபுரத்து உச்சியில் உட்கார்ந்திருந்த புறாவின் கண்ணைக் காட்டினானாம். புறா விற்கிறவருக்கு அது சரி.

அந்த ரகக் கேமராக்களில் படம் விழுகிற சென்சார் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தில் பாதி. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற சாதாரண எஸ்எல்ஆரில் அது 23.5க்கு 15.6, பரப்பளவில் பதின்மூன்று மடங்கு. பதினாறு மெகாபிக்சலை அந்த அரை நகத்துக்குள் திணிப்பது திங்கட்கிழமை காலை மன்னார்குடி பஸ் மாதிரி. எல்லோரும் ஏறிவிடலாம், யாருக்கும் மூச்சு விட இடமிருக்காது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் படம் ரவை ரவையாக வரும். விற்பனைத் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்க நீளவாக்கில் 1000 பிக்சல் இருந்தாலே நடக்கும், 2000 இருந்தால் தாராளம். மீதி மெகாபிக்சலெல்லாம் பீரோவில் இருக்கிற பட்டுப்புடவை மாதிரி, இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளத்தான்.

சரி, வாங்கிய ஜூமையாவது உபயோகிப்போம் என்று முழுசாக இழுத்தார். இழுத்தால் கிட்டத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது, சில மீட்டர் தள்ளிப்போகணும். கூடத்திலிருந்து ரேழி, ரேழியிலிருந்து வாசல், அப்புறம் தெரு, கடைசியில் எதிர்வீட்டுத் திண்ணை. முதல் மூன்று படத்தில் விளக்குக்குப் பதில் பால்காரர் சைக்கிள்தான் விழுந்திருக்கிறது.

இதில் அநியாயம் என்னவென்றால், விளக்கு எடுக்க ஃபோனே போதும். மெயின் லென்ஸில் முகத்துக்கு நேரே நீட்டாமல் 2 எக்ஸ் வைத்துப் பின்னால் தள்ளி நின்றால் ஆயிற்று. கிட்டே போய் மேலிருந்து எடுத்தால் உச்சியில் இருக்கிற அன்னம் வாத்து அளவுக்குப் பெருத்து, பாதம் குங்குமச் சிமிழாகிவிடும். கேமராதான் வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது ஜூமை அல்ல. எக்ஸ்போஷரை, அதாவது எவ்வளவு வெளிச்சம் பதியணும் என்பதை, நாமே கையால் வைக்கிற எம் மோடு இருக்கா, வெள்ளையைக் காட்டி நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸ் பதியலாமா, சென்சாரில் விழுந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைல் தருமா, ஸ்க்ரீன் வெளியே மடங்குமா. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். அரையடி விளக்கை எடுக்கும்போது கேமராவும் தரையோடு தரையாக இருக்கும். ஸ்க்ரீன் மடங்காவிட்டால் எடுக்கிறவர் படுக்கணும். சித்தப்பா படுத்தால் எழுந்திருக்க ரெண்டு பேர் வேண்டும், குடும்பத்துக்கே தெரியும்.

கடைசியில் வந்தது மூடிப்போன ஸ்டுடியோக்காரரிடமிருந்து ஒரு பழைய நிக்கான் டி5300, கூடவே 18-55 லென்ஸ். பழசு வாங்கும்போது ரெண்டு விஷயம். நிக்கானில் எடுத்த படத்தின் தகவலுக்குள்ளேயே இதுவரை எத்தனை க்ளிக் என்பது எழுதியிருக்கும். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். அடுத்தது பூஞ்சை. லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் ஃபோன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பார்த்தால், சிலந்திவலை மாதிரி இழை இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். காவிரிக்கரை ஈரத்துக்கு மூடி போட்ட டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் கட்டாயம். ஜூம் கேமராவை சித்தி அரிசி டிரம்மில் புதைத்து வைத்ததில், இப்போது அதை இழுத்தால் உரலில் மாவரைக்கிற சத்தம்.

கேமரா மாறியது. சித்தப்பாக்கள் மாறவில்லை. ஏழு பேரும் முன்னைவிடத் துல்லியமாக வந்தார்கள்.

பித்தளை உருண்டை, வளைவில் திரும்பும் இடத்தில் வைக்கிற குவிக் கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பது மட்டுமில்லை, பக்கவாட்டில் இருப்பது, கூரை, தரை, எல்லாவற்றையும் சுருக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். தள்ளி நின்றால் ஆள் சின்னதாவாரே தவிரக் காணாமல் போகமாட்டார். இதற்குப் பரிகாரமென்று இன்னொரு கடைக்காரர் போலரைசர் ஃபில்டர் ஒன்றைத் தலையில் கட்டியிருக்கிறார். கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் அடித்த மரம் இவற்றின் பளபளப்பை அது குறைக்கும். உலோகத்தின் மேல் பருப்பு வேகாது. சித்தி தன் பங்குக்கு டால்கம் பவுடர் பூசிப் பார்த்தாள். விளக்குக்குத் தேமல் வந்த மாதிரி ஆயிற்று. சபீனா போட்டு மறுபடி தேய்த்ததில் முன்னைவிடப் பளபளத்து, சித்தப்பா மீசைகூடத் தெரிந்தது.

விளக்கு எதைப் பார்க்கிறதோ அதைத்தான் காட்டும். வெள்ளையை மட்டும் பார்க்கவிட்டால் வெள்ளையை மட்டும் காட்டும். துணி காயப்போடுகிற ஸ்டாண்டை முற்றத்து ஓரம் நிறுத்தி, எட்டு முழ வேட்டியைச் சுற்றிக் கூடாரம் போட்டு, வெள்ளை சார்ட்டை வளைத்துத் தரையும் முதுகும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வைத்து, வேட்டி சேருமிடத்தில் லென்ஸ் மட்டும் நுழைகிற அளவு சந்து. காலை பத்து மணி வெளிச்சம் வேட்டி வழியாக வடிகட்டி இறங்கும். இதற்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம்.

சித்தப்பா எடுத்துக்கொடுத்தது கட்சிக் கரை வேட்டி. ஒரே க்ளிக்கில் ஏழு உருண்டையும் கட்சியில் சேர்ந்துவிட்டன.

கரையை உள்ளே மடித்துக் க்ளிப் போட்டதும் அடுத்த வில்லங்கம். விளக்கு பச்சை பாய்ந்த மாதிரி வந்தது. சித்தி வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம் ஊர் அறிந்தது; அதன் வழியாக வந்த வெளிச்சமும் நீலம் பூசிக்கொண்டுதான் உள்ளே இறங்கியது. அதனால் ஒயிட் பேலன்ஸைக் கூடாரத்துக்குள்ளேயே, விளக்கு நிற்கிற இடத்தில் சாம்பல் அட்டை வைத்துப் பதிய வேண்டும். ஆட்டோவில் விட்டாலோ, படம் முழுக்க மஞ்சளாக இருப்பதைப் பார்த்து கேமரா அந்த மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும். பித்தளை ஈயம் பூசிய மாதிரி வெளிறும். வாங்கினவர் "படத்துல வேற கலர்" என்று திருப்பியனுப்புவது இதனால்தான். கூடத்து டியூப்லைட்டையும் அணைத்துவிடணும். ரெண்டு வகை வெளிச்சம் கலந்தால் எந்த அட்டையும் காப்பாற்றாது.

ஃபேனும் கூடாது. வேட்டி ஆடினால் உருண்டைக்குள் அலை அடிக்கும். ஃபேனை நிறுத்தினால் வேர்க்கும், வேர்த்த கையால் விளக்கைத் தொட்டால் ரேகை. அதற்குப் பருத்திக் கையுறை. கையுறை போட்டுக்கொண்டு சித்தப்பா மரை கழற்றி அன்னத்தைத் திருப்பினதைப் பார்த்து, யாருக்கு ஆபரேஷன் என்று எதிர்வீட்டு மாமி விசாரித்துவிட்டுப் போனார்.

அப்புறம் எல்லாம் சுலபம். லென்ஸை 55இல் வைத்து, கேமராவை நெட்டாக நிறுத்தி, ரெண்டடி விளக்குக்கு ஐந்தரை அடி தள்ளி, உயரம் விளக்கின் பாதிக்குச் சமமாக. அங்கிருந்து எடுத்தால் சட்டத்தின் உயரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் விளக்குதான் இருக்கும். அமேசானில் முதல் படத்துக்குக் கேட்பதும் அதுவே, சுத்த வெள்ளைப் பின்னணியோடு. வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டணும் என்கிற ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையின் அளவு எஃப்/11; எண் ஏறினால் துளை சிறுக்கும். எஃப்/5.6இல் முன்திரி முகம் தெளிவாகவும் பின்திரி முகம் மங்கலாகவும் வரும். எஃப்/22க்குப் போனால் மொத்தமுமே மழுங்கும். ஷட்டர் பத்தில் ஒரு வினாடி பக்கம் வரும் என்பதால் டிரைபாட், ரெண்டு வினாடி டைமர், ஸ்டாண்டில் இருக்கும்போது கைநடுக்கத்தைச் சமாளிக்கிற விஆர் அணைப்பு. வெள்ளையைக் கண்டால் கேமராவின் மீட்டருக்கு ஆகாது, சாம்பலாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். மீட்டர் சொல்வதைவிட ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்கணும்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு.

எல்லாம் வெள்ளையாக இருந்தால் விளக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த மரம் மாதிரி தட்டையாகத் தெரியும். கறுப்பு சார்ட்டில் ரெண்டு அங்குல அகலத்துக்குப் பட்டை வெட்டி இருபக்கமும் நிறுத்தினால், விளிம்பில் கோடு இழுத்த மாதிரி உருவம் எழுந்து நிற்கும். லென்ஸ் நுழைந்த சந்து மட்டும் ஒவ்வொரு உருண்டையிலும் கடுகளவு கறுப்புப் புள்ளியாக விழும். அழிக்க வேண்டாமாம். திருஷ்டிப் பொட்டாம். சித்தி உத்தரவு.

படம் போட்ட மத்தியானமே திருப்பூர்க்காரர் பணம் அனுப்பிவிட்டார். பழைய படங்களை அழிக்க உட்கார்ந்தபோதுதான் சித்தப்பா, "அந்த மொதல்ல கேட்டானே, அதை மட்டும் அழிச்சுடாதே" என்றார்.

அடி உருண்டை. முறத்தோடு சித்தி. எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நேரே கேமராவைக் காட்டினால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ரேஷன் கார்டு முகம் வைப்பவள். கல்யாண ஆல்பத்திலும் அந்த முகம்தான். அதை மட்டும் வெட்டிப் பிரின்ட் போட முடியுமா என்று கேட்டார். உருண்டை மொத்தமே முந்நூறு பிக்சல்தான், ஒரு அங்குலத்துக்கு மேல் போட்டால் கட்டம் கட்டமாக உடையும், அதிலும் சித்தி கால் பங்குகூட இல்லை.

"ஒரு அங்குலம் போதும்டா, பர்ஸுல வைக்கத்தானே" என்றவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "முந்தானை வலது தோள்ல கெடக்கு பாரு. திருப்பிப் போடச் சொல்லு."