மாற்றுத்திறனாளி சான்றிதழும், வேலையை விட்டுப் போன பணியாளரும்

எங்கள் வீட்டுப் பெரியம்மாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஒருவழியாக வந்துவிட்டது. நிம்மதிதான். ஆனால் முதல் தடவை நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இதே மாதிரி வீடு நடத்துகிறவர்களுக்கு ஒரு அலைச்சலாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சென்னைக்கு வெளியே ஒரு சாதாரணத் தெருவில் வாடகை வீடு எங்களுடையது. மனநோயோடு தெருவில் கிடந்து, காப்பகத்தில் சிகிச்சை பெற்றுத் தேறி, திரும்பிப் போகக் குடும்பம் இல்லாத நான்கு பெண்கள் அதில் சேர்ந்து வாழ்கிறார்கள். நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர் அவர்களில் ஒருவர். கூட ஒரு பணியாளர் தங்குவார். மனநலத் தொண்டு நிறுவனமான பேன்யன் அமைப்பு 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ என்று தொடங்கிய அந்த வழிமுறைதான். வீடு இல்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. சரி, வெளியே கூட்டிவந்துவிட்டோம். கூடவே நிலையாக இருக்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு.

அட்டைக்கு வேண்டிய ஆதார் அவ்வளவு கஷ்டப்படுத்தவில்லை. காப்பகக் கண்காணிப்பாளர் அதற்கென உள்ள படிவத்தில், போட்டோ மேல் கையெழுத்தும் முத்திரையும் படும்படி போட்டுத் தந்தார். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒன்று மட்டும்: பதிவு ஏற்கெனவே இருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்தால் பதறாதீர்கள். அவருக்குப் பழைய ஆதார் இருக்கிறது என்று அர்த்தம். கைரேகை வைத்து அதை எடுத்தால் சொந்த ஊரே தெரியவரலாம். ஆன்லைனில் யூடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான விண்ணப்பம் போட்டதும் சுலபம்தான்.

மருத்துவ மதிப்பீட்டில்தான் மாட்டினோம். மனநோய்க்கு ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோலை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, சிரமம் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடும். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண். பத்து வருடத்துக்கு மேல் என்றால் 4, இரண்டு முதல் ஐந்து வருடம் என்றால் 2 தான். மொத்தம் 20. அதில் 7 வந்தால்தான் 40 சதவீதம். அதற்குக் கீழே போனால் பெரும்பாலான சலுகைகள் கிடையாது.

அன்றைக்குப் பெரியம்மா எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, பூ வைத்து, நல்ல புடவையில் வந்திருந்தார். “தினமும் குளிப்பீங்களா?” “குளிப்பேன் சார்.” “சமையல்?” “சாம்பார் வைப்பேன்.” ஒன்றும் பொய் இல்லை. ஆனால் குளியலறை வாசலில் ஒருவர் நின்று, சோப்பைக் கையில் கொடுத்து, “தண்ணி ஊத்துங்க பெரியம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அந்தக் குளியல் நடக்கும். டாக்டர், எங்களோடு வந்த பணியாளரைக் கேட்டார். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. “தெரியலை சார்” என்பதைத் தவிர அவளால் என்ன சொல்ல முடியும்? நோயின் காலத்துக்கு எங்களிடம் இருந்தது காப்பகத்தில் சேர்ந்த பிறகான சீட்டுகள் மட்டுமே. தெருவில் கழிந்த வருடங்களுக்கு யார் சீட்டு எழுதித் தந்தார்கள்? மதிப்பெண் 7-ஐத் தொடவில்லை. “நல்லாத்தானே இருக்காங்க, எதுக்குங்க சான்றிதழ்?” என்று கேட்டபடியே எழுத்தர் கோப்பை என் பக்கம் தள்ளினார்.

பெரியம்மாவை முழுதாகத் தெரிந்தவர் முந்தைய பணியாளர். அவர் போன காரணத்தை நேராகவே சொன்னார்: “உங்க மேல கோபம் இல்ல மேடம். பொண்ணுக்குப் பத்தாவது பரீட்சை. ராத்திரி நான் வீட்ல இருக்கணும்.” இருபத்து நான்கு மணி நேரமும் அங்கேயே தங்க வேண்டும், மாற்று ஆள் வந்தால்தான் வார விடுமுறை, நிதி தவணை தாமதமானால் சம்பளமும் தாமதம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுபடி போனபோது அவரையே கூப்பிட்டேன். புது வேலையில் லீவு போட்டு வந்தார். அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுத்தோம், நீங்களும் கொடுத்துவிடுங்கள். அவர் பேசப் பேச டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். “சொல்லலைன்னா நாலு நாளானாலும் அதே புடவைதான் சார். மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சுக்குவாங்க. கடைக்கு அனுப்பினா மீதி காசு வாங்காம வந்துடுவாங்க. அடுப்பைப் பத்த வச்சுட்டு வாசல்ல போய் உக்காந்துடுவாங்க.” நோய் எத்தனை வருடம் என்று காட்டவும் ஒரு வழி கிடைத்தது. காப்பகத்தின் முதல்நாள் பதிவில், பெரியம்மா பல வருடமாக அதே பேருந்து நிலையத்தில்தான் இருந்தார் என்று அங்கிருந்த டீக்கடைக்காரர் சொன்னது எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தின் நகலில் முத்திரை போட்டு வைத்தோம். டாக்டர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். சதவீதம் 40-ஐத் தாண்டிவிட்டது. சான்றிதழ் தற்காலிகம்தான், புதுப்பிக்கும் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிட்டேன்.

அடுத்த தடவை பூவும் நல்ல புடவையும் இல்லாமல் கூட்டிப் போங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதை மட்டும் செய்யவே மாட்டேன். இவ்வளவு வருடத்துக்குப் பிறகு கண்ணாடி பார்த்துப் பூ வைத்துக்கொள்கிறவரை, சதவீதத்துக்காக அலங்கோலமாக நிறுத்த முடியாது. அதற்குப் பதில் ஆளுக்கொரு நோட்டு போட்டிருக்கிறோம். எதை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது, எந்த மாத்திரை தவறியது, ராத்திரி தூங்கினாரா என்று தினமும் இரண்டு வரி. பணியாளர் மாறினாலும் நோட்டு வீட்டிலேயே இருக்கும். ‘நன்றாக இருக்கிறார்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள், ஒன்றுக்கும் உதவாது.

நோட்டு மட்டும் போதாது. பழையவர் போகும் முன் புதியவர் அவரோடு இரண்டு வாரமாவது சேர்ந்து இருக்க வேண்டும். அதற்கு இரண்டு சம்பளம் வேண்டும். மாற்று ஆளுக்கும் சேர்த்து இந்த வருட வரவுசெலவில் கேட்டிருக்கிறேன். நான்கு பேருக்கு ஏன் இவ்வளவு ஆள் செலவு என்று நிதி தருபவர்கள் கேட்கிறார்கள். பெரியம்மாவின் பெயரை மறைத்து, முதல் தடவை போட்ட மதிப்பீட்டுத் தாளையும் இரண்டாவதையும் அடுத்தடுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன். பதில் வரவேண்டும்.