பழக்கூடையும் பத்தரை மணி மெசேஜும்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் எங்கள் கம்பெனியில் இது நலவாழ்வு வாரம். பேன்ட்ரியில் பழக்கூடை, மின்தூக்கிக் கதவில் "படியேறுங்கள்" என்று போஸ்டர். நானும் நாலு மாடி ஏறினேன், மூச்சு வாங்கியது. பசியாற வழக்கம்போல ரொட்டி சானாய், அதாவது பரோட்டாதான். சரி, தே தாரிக் டீயில் சீனி மட்டும் குறைத்தேன்.

இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில்: "காலைக்குள் ரிப்போர்ட் வேண்டும்." 2023 ஜனவரியிலிருந்து சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, முன்பு 48. வாட்ஸ்அப்புக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது போல.

ஒன்று மட்டும் உருப்படி. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-ஐக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளலாம். பக்கத்து மேசை அக்கா கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார். "தம்பிக்குத்தான்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை.