பொது இடத்தில் ஆபாசச் செயல் என்ற வழக்கு: எதிர்வாத நாட்குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

"ரோட்டுல அசிங்கமா நின்னான்னு கேஸ் போட்டுட்டாங்க" என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு? எதிர்வாதம் முழுக்க அந்த எண்ணைப் பொறுத்தது.

சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 294, 509. அன்றோ அதற்குப் பின்னோ என்றால் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296, 79. இதில் பொது இடத்தில் ஆபாசச் செயலுக்கான 296 சிறியது: மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 79 அப்படியல்ல. பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு செய்த செயல் என்பதால், மத்தியச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை வெறுங்காவலும் அபராதமும் உண்டு. பார்த்தவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11, 12 வந்துவிடும். அப்போது வழக்கின் தன்மையே வேறு.

தமிழ்நாட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி 2025 ஜனவரியில் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. 1998-ஆம் ஆண்டின் பெண்கள் மீதான தொல்லைத் தடைச் சட்டமும் அப்போது கடுமையாக்கப்பட்டது. எஃப்.ஐ.ஆரின் கடைசியில் அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைச் சேர்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். ஜாமீன் சிக்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். மாநிலத் திருத்தம் இல்லாத பழைய புத்தகத்தைப் பார்த்து யாருக்கும் தைரியம் சொல்லாதீர்கள்.

4 மார்ச், செவ்வாய்

ஸ்டேஷனில் இருந்து அழைப்பு வந்தால். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது கூடாது என்பது 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது தேவையில்லாதபோது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-இன் கீழ் எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறையாக நோட்டீஸ் சேர்த்ததாக ஆகாது என்று இந்த ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததை அலட்சியம் செய்யவும் கூடாது. வக்கீல் மூலம் பதில் எழுதி, நோட்டீஸை நேரில் வாங்கி, குறித்த தேதியில் ஆஜராகி, ஆஜரானதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஜராகாமல் விட்டால் நோட்டீஸ் தந்த பாதுகாப்பு போய்விடும்.

அறுபது வயது தாண்டியவரையும் உடல் நலிந்தவரையும், மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக்கூடாது (35(7)). 296 இதற்குள் வரும். 'மூன்றாண்டு வரை' என்கிற 79 வராது.

விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு (பிரிவு 38). போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து கேட்கக்கூடாது. வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள். "மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு, அனுப்பிடறோம்" என்பார்கள். போலீசிடம் தந்த ஒப்புதலைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாதுதான். ஆனால் அதே கடிதத்தைப் புகார்தாரருக்கு எழுதிக் கொடுத்தால் அது வேறு கணக்கு. பின்னால் சான்றாவணமாக வந்து நிற்கும்.

எஃப்.ஐ.ஆர். போடாமல், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்ட நிலையிலேயே கூப்பிட்டிருந்தால், அந்த எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். புகார் முதலில் எப்படி இருந்தது, எஃப்.ஐ.ஆர். ஆனபோது எப்படி மாறியது என்பதைக் காட்ட உதவும்.

5 மார்ச், புதன்

ஜாமீன். 296-உம், மத்தியச் சட்டப்படி 79-உம், ஜாமீனில் விடக்கூடியவை. ஜாமீன் இங்கே உரிமை. ஸ்டேஷனிலேயே தர வேண்டும். பிணைதாரர் கிடைக்காமல் ஒரு வாரம் உள்ளே இருந்தாலே ஏழை என்று கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் (சுரக்ஷா சன்ஹிதா 478). ஜாமீனில் விடக்கூடிய வழக்குக்கு முன்ஜாமீன் மனு போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். போக்சோ 12-ஓ, தொல்லைத் தடைச் சட்டத்தின் 4-ஓ சேர்ந்திருந்தால் மட்டும் 482-இன் கீழ் உடனே போடுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் சட்ட உதவி எண் 15100-க்கு அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி வருமான வரம்பு பார்க்காமல் கிடைக்கும்.

7 மார்ச், வெள்ளி

இன்று 296 பற்றி மட்டும். இந்தப் பிரிவுக்கு மூன்று கால்கள்: செயல் ஆபாசமானதாக இருக்க வேண்டும், பொது இடத்தில் நடந்திருக்க வேண்டும், அதனால் பிறருக்கு எரிச்சல் உண்டாகியிருக்க வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் குற்றம் இல்லை. 1996-இல் பவன் குமார் எதிர் ஹரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது.

நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களில் இந்த மூன்றும் ஒரே அச்சு வாக்கியத்தில் வந்துவிடும்: "பொதுமக்களுக்கு இடையூறாக ஆபாசமாக நடந்துகொண்டார்." என்ன செய்தார், யார் பார்த்தார், பார்த்தவருக்கு என்ன ஆனது என்று எதுவும் இருக்காது. வசைச்சொல் வழக்குகளுக்குப் போட்டுப் பழகிய கை, செயலுக்கான 296(ஏ)-க்குப் பதில் சொல்லுக்கான 296(பி)-யை எழுதிவிடுவதும் உண்டு. பிரிவு தவறு என்பதாலேயே வழக்கு விழாது. குற்றச்சாட்டை நீதிமன்றம் மாற்றலாம். ஆனால் எரிச்சல் அடைந்ததாக ஒரு சாட்சிகூடச் சொல்லாமல் போனால் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

சாலையோரம் சிறுநீர் கழித்ததை எடுத்துக்கொள்வோம். அநாகரிகம்தான், சுகாதாரக் கேடுதான், ஆனால் ஆபாசமா? எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்பதே இதைத் தீர்மானிக்கும். சுவரைப் பார்த்து நின்றவருக்கும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத் திரும்பி நின்றவருக்கும் வழக்கு ஒன்றல்ல. சம்பவ இடத்தைப் பற்றிப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் எடுத்துச் சம்பவ நேரத்திலேயே அந்த இடத்துக்குப் போங்கள். விளக்குக் கம்பம் எங்கே, அது எரிகிறதா, சுவர் எத்தனை அடி உயரம், புகார்தாரர் நின்ற இடத்திலிருந்து எத்தனை மீட்டர், நடுவில் தள்ளுவண்டியோ விளம்பரப் பலகையோ உண்டா, அருகிலுள்ள கழிப்பறை பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேப் வைத்து அளந்து, போட்டோ எடுங்கள். வரைபடத்தில் எதிரி நின்ற இடத்துக்கு ஓர் எழுத்து மட்டும் போட்டிருப்பார்கள், முகம் எந்தத் திசை என்ற அம்புக்குறி இருக்காது. குறுக்கு விசாரணையில் விசாரணை அதிகாரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

10 மார்ச், திங்கள்

79-க்குப் பொது இடம் தேவையில்லை. சொந்த வீட்டு ஜன்னலில் நின்றாலும் வரும். இங்கே எல்லாமே நோக்கம்தான்: அந்தப் பெண் பார்க்க வேண்டும் என்றே செய்தாரா?

நோக்கம் இல்லை என்பதற்கு ஆதாரம் உடம்பிலும் இருக்கலாம். புராஸ்டேட் வீக்கம், சிறுநீர் அடக்க முடியாமை, முன்மூளை பாதித்த டிமென்ஷியா, ஆடையைக் களைய வைக்கும் சில வகை வலிப்பு. எதைச் சொன்னாலும் சம்பவத்துக்கு முந்தைய தேதியிட்ட சீட்டு, ஸ்கேன், மருந்து ரசீது வேண்டும். வழக்குக்குப் பிறகு வாங்கிய சான்றிதழை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வேட்டி அவிழ்ந்தது, லுங்கி நழுவியது என்பது விபத்து வாதம் (நியாய சன்ஹிதா 18). ஒரு முறை, ஒரு நொடி என்றால் நிற்கும். புகார்தாரர் மூன்று நாள் தொடர்ந்து அதே இடத்தில் பார்த்ததாகச் சொல்லியிருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

மனநலம் பாதித்தவர் என்ற வாதம் (பிரிவு 22) பலர் நினைப்பதைவிடக் குறுகலானது. நோய் இருந்தது என்பது போதாது. செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ அறிய முடியாத நிலையில் அந்த நேரத்தில் இருந்தார் என்று எதிரித் தரப்பே காட்ட வேண்டும். உடலைக் காட்டும் உந்துதல் கோளாறு இதற்குள் வராது, ஏனென்றால் அவருக்குத் தெரிந்தே செய்கிறார். அவருக்குச் சிகிச்சை தொடங்குவதுதான் சரி. தண்டனை பற்றிக் கேட்கும் கட்டத்தில் அது உண்மையாகவே உதவும். குடிபோதை வாதம் தானாகக் குடித்தவரைக் காப்பாற்றாது.

11 மார்ச், செவ்வாய்

போக்சோவில் சட்ட வாசகமே 'உடலின் எந்தப் பாகத்தையும்' காட்டுவதைச் சொல்கிறது. 30-ஆம் பிரிவுப்படி குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி எதிரி நிரூபிக்க வேண்டும். சமரசம் பேசி வழக்கை ரத்து செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழந்தைக்கு எதிரான பாலியல் தொல்லை வழக்கைச் சமரசத்தின் பேரில் ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. எதிரியே 18-க்குக் கீழ் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழை முதல் நாளே கொடுங்கள்.

13 மார்ச், வியாழன்

ஆளை மாற்றிப் பிடித்த வழக்குகள். புகார்தாரருக்கு முன்பின் தெரியாத ஆள் என்றால் பலரோடு எதிரியை நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடந்ததா என்று பாருங்கள். எதிரியின் போட்டோ அதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் சுற்றியிருந்தால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பு குறைவு. அந்தப் பகிர்வின் தேதி, நேரத்தைச் சேமித்து வையுங்கள்.

கடைகளின் சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். முதல் வாரத்திலேயே கடைக்காரருக்கும் விசாரணை அதிகாரிக்கும் பதிவைப் பாதுகாக்கச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்புங்கள். நகல் கிடைத்தால், புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதிநியத்தின் 63-இன் கீழ் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் கூடவே வேண்டும். அது இல்லாமல் பென் டிரைவை நீட்டிப் பயனில்லை.

புகார்தாரரை நேரிலோ, போனிலோ, உறவினர் மூலமோ தொடர்பு கொள்ளக் கூடாது. சாட்சியை மிரட்டியதாகப் புது வழக்கு வரும், ஜாமீனும் ரத்தாகலாம். அதைவிட, வெளியே நடக்கவே பயந்திருக்கும் ஒரு பெண்ணின் வாசலில் போய் நிற்பது தவறு. அவருடைய நடத்தையைப் பற்றிய கேள்விகளும் வேண்டாம். தூரம், வெளிச்சம், நேரம் பற்றிக் கேட்டாலே உண்மை வெளிவரும்.

17 மார்ச், திங்கள்

கால வரம்பை யாரும் பார்ப்பதில்லை. 296 மட்டும் என்றால் ஓராண்டு, 79 சேர்ந்தால் மூன்றாண்டு (சுரக்ஷா சன்ஹிதா 514). கணக்கில் எடுப்பது எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியை, குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியை அல்ல.  எஃப்.ஐ.ஆரின் சான்றிட்ட நகல் வாங்கி, சம்பவத் தேதியையும் பதிவான தேதியையும் பாருங்கள். ஓராண்டு தாண்டிப் பதிவான வழக்கில் திடீரென்று 79 சேர்ந்திருந்தால், அதற்கு எந்த சாட்சியின் வாக்குமூலம் ஆதாரம் என்று கேளுங்கள்.

79 வாரண்ட் வழக்கு (இரண்டாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம்). நகல்கள் கையில் கிடைத்த 60 நாளுக்குள் விடுவிப்பு மனு போட வேண்டும் (262). 296 சிறு குற்றங்களுக்கான சம்மன் வழக்கு என்பதால் 262 வராது; ஆனால் குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று மாஜிஸ்திரேட் கருதினால், காரணம் எழுதி விடுவிக்க வேண்டும் (274). வழக்கின் அடிப்படையே இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் 528-இன் கீழ் ரத்து மனு. 79-ஐ நீதிமன்ற அனுமதியோடு அந்தப் பெண் சமரசம் செய்துகொள்ளலாம்; 296 அந்தப் பட்டியலில் இல்லை.

19 மார்ச், புதன்

நீதிமன்ற வராந்தாவில் வரும் யோசனை: "ஐந்நூறு ரூபா ஃபைன் சார், ஒத்துக்கிட்டுப் போயிடுங்க." கூடாது. செய்யாத ஒன்றை ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. அரசு வேலை, பாஸ்போர்ட், வெளிநாட்டு விசா என்று எந்த விண்ணப்பத்திலும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். மேலே சொன்ன பவன் குமார் 20 ரூபாய் அபராதத்துக்காக ஒப்புக்கொண்டவர். அந்தத் தண்டனையைக் காட்டி அவர் வேலையைப் பறித்தார்கள். அது தன்னளவில் ஒழுக்கக்கேடான குற்றம் ஆகாது என்று சொல்ல வைக்க அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

போலீஸ் வேலைக்குப் போகிறவருக்கு இன்னும் கவனம் தேவை. சந்தேகத்தின் பலனிலோ, சாட்சி பிறழ்ந்ததாலோ கிடைத்த விடுதலையைத் தமிழ்நாடு காவல் பணி விதிகள் முழு விடுதலையாக ஏற்பதில்லை. அவர் வழக்கில் சமரசத்தை நம்பி இருக்காமல், குறுக்கு விசாரணை செய்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று காரணத்தோடு எழுதிய தீர்ப்பை வாங்க வேண்டும்.

உண்மையிலேயே செய்தவர், சான்றும் உறுதி என்றால், சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தையின் பேரிலோ விடுவிக்க வழிசெய்யும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3, 4 பிரிவுகளைக் கேட்டு மனு கொடுங்கள். முதல் குற்றம் என்பதற்கு அத்தாட்சி, சிகிச்சை அட்டை, வேலை விவரம் ஆகியவற்றை நன்னடத்தை அலுவலரின் அறிக்கைக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. மாஜிஸ்திரேட்டிடம் அந்தப் பிரிவை எண்ணோடு குறிப்பிட்டுக் கேளுங்கள், தீர்ப்பிலும் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று சான்றிட்ட நகலில் சரிபாருங்கள்.