மூலையில்லாத தொட்டி

வட்டத் தொட்டி கைக்கு வந்து, அதில் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுவதைக் கண்ணால் பார்க்கும்வரை ஜெல்லிமீன் வாங்க வேண்டாம். என்னிடம் யோசனை கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மீன் வளர்த்துப் பழகியவர்களுக்கு இது கெடுபிடியாகத் தோன்றும். வீட்டில் சும்மா கிடக்கிற நீள்சதுரத் தொட்டியிலேயே விட்டுப் பார்க்கலாமே என்பார்கள். நான் சம்மதிக்க மாட்டேன்.

மீன் நீந்தும், ஜெல்லிமீனோ தண்ணீர் போகிற பக்கம் போகும். குடை போன்ற உடம்பைச் சுருக்கி விரித்து அது நகர்வது உண்மைதான், ஆனால் நீரோட்டத்தை எதிர்த்து நிற்க வலுவில்லை. உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மூலையுள்ள தொட்டியில் விட்டால் மூலையில் போய் ஒதுங்கி, கண்ணாடியில் உரசி உரசிக் குடை கிழியும். ஃபில்டரின் வாய் திறந்திருந்தால் அதற்குள் இழுபட்டுவிடும்.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் வுல்ஃப் கிரேவே என்ற ஜெர்மானிய ஆய்வாளர். மிதவை உயிரிகளை வளர்ப்பதற்காக, தண்ணீர் வட்டமாகச் சுழலும் 'கிரைசல்' தொட்டியைப் பற்றி 1968-இல் எழுதினார். 1990-இல் வில்லியம் ஹாம்னர் அதை மேலும் செம்மைப்படுத்தினார். இன்று வீட்டுக்கென்று விற்கும் ஜெல்லிமீன் தொட்டிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். தண்ணீர் ஒரே குழாய் வாயிலிருந்து பீறிடாமல், நீளமான பிளவு வழியே மெல்லிய தகடாக உள்ளே வர வேண்டும். வெளியேறும் பக்கம் அகலமான வலை இருக்க வேண்டும். பரப்பு பெரிதானால் உறிஞ்சும் வேகம் எந்த இடத்திலும் உறைக்காது.

தொட்டியில் உயிர் எதுவும் இல்லாதபோதே ஓட்டத்தைச் சரிபார்த்துவிடுங்கள். ஒரு சிட்டிகை தூள் தீவனத்தைத் தூவி, துகள்கள் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். எங்காவது தேங்குகிறதா? வலையில் போய் ஒட்டுகிறதா? ஜெல்லிமீனை விட்ட பிறகும் இந்த வேலை ஓயாது. குட்டையான, இளசான ஜெல்லிக்குப் பொருந்திய வேகம் அது வளர்ந்த பிறகு பொருந்தாது. அடியிலேயே கிடந்தால் ஓட்டம் போதவில்லை. துணி துவைக்கும் எந்திரத்தில் போட்டதுபோல் உருண்டுகொண்டே இருந்தால் மிகுதி. நான் பம்பின் திருகை ஒரு நேரத்தில் இம்மிதான் திருப்புவேன், அப்புறம் பாதி நாள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காற்றுக்குமிழி இன்னொரு எதிரி. குடைக்கு அடியில் குமிழி மாட்டிக்கொண்டால் நாளடைவில் சதையை அரித்துத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால் பிரதான தொட்டியில், காற்றைக் குமிழிகளாக விடும் ஏர் ஸ்டோன் கூடாது. தண்ணீர் மாற்றிய பிறகு பம்பிலிருந்து பொடிக்குமிழிகள் வருவது நின்றுவிட்டதா என்று பார்க்காமல் நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. மாட்டிக்கொண்டதைக் கண்டால் கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே குடையை மெதுவாகச் சாய்த்தால் குமிழி நழுவி மேலேறும். நான் வளர்க்கும் நிலா ஜெல்லி என்ற வகையின் கொட்டு லேசானது; பலருக்கு உறைக்கவே உறைக்காது. ஆனாலும் கையுறை போடுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் கடல்மீன் வளர்ப்பவர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீர், கடல்தொட்டிக்கான உப்பு, ஆயிரத்தில் 33 முதல் 35 பங்கு உவர்ப்பு. உவர்ப்பை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரை 35 பங்கு அளவுத் திரவத்தைக் கொண்டு சரிபார்ப்பதுதான் நம்பகமானது. கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேறச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நிலைக்கும்வரை பொறுத்திருங்கள். வெப்பநிலை ஒரே சீராக இருக்கட்டும். என் தொட்டி 20 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓடுகிறது, அதற்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்திருக்கிறேன். செம்பு கலந்த மீன் மருந்து எதுவும் இந்தத் தண்ணீர்ப் பக்கம் வரவே கூடாது. மின்சாரம் போனால் ஓட்டம் நின்று எல்லாம் அடியில் படிந்துவிடும், ஆகவே பம்புக்கு பேட்டரி அவசியம்.

புதிதாக வந்த ஜெல்லியைப் பையோடு மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்துப் பழக்க வேண்டும். அவசரமே கூடாது. வலையால் அள்ளக் கூடாது, காற்றில் தூக்கவும் கூடாது. கிண்ணத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஜெல்லியைத் தண்ணீரோடு சேர்த்து எடுத்து, தண்ணீருக்குள்ளேயே விடுங்கள்.

இனி தீவனம். எனக்கு இதில்தான் மிகுந்த ஈடுபாடு. கடைத் தூளும் உறையவைத்த தீவனமும் ஆபத்துக்கு உதவும்; ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் இறாலின் உயிருள்ள குஞ்சுகளுக்கு அவை ஈடில்லை. முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு, நல்ல காற்றோட்டமும் வெளிச்சமும் கொடுத்து, 26 முதல் 28 டிகிரியில் வைத்தால் ஒரு நாளில் பொரித்துவிடும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதுவரைதான் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு கொழுமையாக இருக்கும். முதல் தோலுரிப்புக்குப் பிறகு சத்து கரையத் தொடங்கும்.

ஓடுகளைப் பிரிப்பது முக்கியம். காற்றை நிறுத்தினால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், பொரிக்காத முட்டைகள் அடியில் படியும், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நீந்தும். என் மகள் பக்கவாட்டில் டார்ச்சைப் பிடிப்பாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் அங்கே திரளும். அதை மட்டும் குழாயால் உறிஞ்சி, நுண்வலையில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுக்கிறோம். காலையும் மாலையுமாக இரண்டு வேளை.

அதற்குப் பிறகு பத்து நிமிஷம் நான் யாருக்கும் கிடைக்க மாட்டேன். நிலா ஜெல்லி இரையை வாயால் கவ்வுவதில்லை. குடையின் மேலுள்ள வழவழப்பில் குஞ்சுகள் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அவற்றை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போகும். கீழே தொங்கும் வாய்க்கரங்கள் விளிம்பைத் தடவி அவற்றை எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி உடம்புக்குள் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். எந்த ஜெல்லி சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். மீந்து அடியில் கிடப்பதை அன்றன்றே உறிஞ்சி எடுத்துவிடுவேன்.

தீனி போதாவிட்டால் ஜெல்லிமீன் உடனே சாகாது, சுருங்கும். உடம்பையே கரைத்துத் தின்று சிறுத்துப்போகும். மறுபடி நன்றாகக் கிடைத்தால் மறுபடி வளரும். ஆகவே வாரம் ஒருமுறை குடையின் அகலத்தைக் கண்ணாடிமேல் அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்கிறேன். குடை வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து நின்றால் உவர்ப்பு, வெப்பம், அம்மோனியா மூன்றையும் உடனே சோதியுங்கள். முதுமையிலும் அப்படி ஆவதுண்டு.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நிலா ஜெல்லி தானாக ஒளிர்வதில்லை, நீங்கள் பார்க்கும் நிறம் எல்லாம் எல்.இ.டி. கொடுப்பது. நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாறும் விளக்கு எனக்குப் பிடிக்காது. பக்கத்திலிருந்து விழும் மங்கலான ஒற்றை வெள்ளை வெளிச்சத்தில்தான் குடையிலுள்ள நான்கு லாட வடிவங்களும் தெளிவாகத் தெரிகின்றன. இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள்.

குடை வடிவத்தில் அது வாழ்வது ஏறக்குறைய ஓராண்டுதான். இதைத் தெரிந்துகொண்டுதான் வளர்க்கத் தொடங்க வேண்டும். உயிரோடிருப்பதையோ தொட்டித் தண்ணீரையோ கடலிலும் நீர்நிலைகளிலும் கொட்டிவிடக் கூடாது. ஓரிடத்து ஜெல்லி இன்னோரிடத்தில் பல்கினால் அங்குள்ள உயிர்களுக்குக் கேடு.

ஆணும் பெண்ணும் இருக்கும் தொட்டியில், சுவரில் ஒட்டிய சின்னஞ்சிறு வெண்புள்ளிகள் தென்படக்கூடும். அவை பாலிப்புகள், அதாவது குடை வடிவம் எடுப்பதற்கு முன் ஓரிடத்தில் ஒட்டி வாழும் ஜெல்லிப் பருவம். அழுக்கென்று சுரண்டிவிடாமல், ஒட்டியிருக்கும் துண்டோடு தனிக் கிண்ணத்தில் வைத்து, இதே ஆர்ட்டீமியாவைக் கொடுத்து வளர்க்கலாம். தண்ணீரைக் குளிரவைத்துச் சில வாரம் பொறுத்தால் பாலிப் அடுக்கடுக்காகப் பிரிந்து, எட்டுக் கைகளுள்ள எஃபிரா என்ற குட்டி ஜெல்லிகளை ஒவ்வொன்றாக உதிர்க்கும். ஒரு கை அறுந்தால் எஃபிரா அதைத் திரும்ப முளைக்கவிடாது. மிச்சக் கைகளைச் சமமாக நகர்த்தி உடம்பைச் சீராக்கிக்கொள்ளும். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இதை வெளியிட்டார்கள். எஃபிரா சில மில்லிமீட்டர்தான் இருக்கும், பெரிய தொட்டியின் வலையில் சிக்கிவிடும். ஓரளவு வளரும்வரை சிறு தொட்டியில், மிக மெல்லிய ஓட்டத்தில் வையுங்கள். பொரித்த உடனேயுள்ள ஆர்ட்டீமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குப் பல தடவை கொடுங்கள்.