அப்பாவின் அரம்

1976ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்குப் பத்து வயது. அப்பாவின் தகரப் பெட்டியில் துணிமணிக்கு அடியில் ஓர் அரைவட்ட அரம் இருந்தது. அட்டன் பக்கத்துத் தேயிலை பேக்டரியில் ஃபிட்டருக்குக் கையாளாக இருந்தவர் அவர். மண்டபம் முகாமிலிருந்து எங்களைக் கேரளாவில் குளத்தூப்புழை ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி திரும்பியவர்களுக்காக அரசு போட்ட தோட்டம். கொழுந்து கிள்ளிய அம்மா, விடியுமுன் எழுந்து ரப்பர்ப் பால் வெட்டப் பழகினாள்.

எனக்கு மலையாளம் வாயில் நுழையவில்லை. புனலூர் இரும்புக்கடையில் தயங்கித் தயங்கி "அரம்" என்றேன். கடைக்காரர் சட்டென்று எடுத்து வைத்தார். அவர்கள் பேச்சிலும் அது அரம்தான்! அன்று இரண்டு பேருக்கும் புரிந்த ஒரே சொல் அது.

அப்புறம் செங்கோட்டையில் தொழில் கற்று, ஆரியங்காவில் சொந்தப் பட்டறை போட்டேன். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் தயாரிப்பு 1996லேயே நின்றுவிட்டது, ஆனால் பையன்களின் பித்து நிற்கவில்லை. "ஆசானே, போர்ட் செய்து தரணம்" என்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போர்ட் என்றால் சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் வழி. வண்டி வேகம் பிடிக்க அதைக் குடைந்து அகட்டச் சொல்வார்கள்.

முதலில் டிரில்லில் சாணைக்கல் மாட்டிப் பார்த்தேன். அலுமினியம் கல்லின் கண்ணை அடைத்துவிடும். பிறகு தேயாது, சூடுதான் ஏறும். இந்தச் சிலிண்டர் வெளியே அலுமினியம், உள்ளே குழாய் மாதிரி வார்ப்பிரும்பு ஸ்லீவ். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வழி இரண்டையும் குடைந்து போகிறது. அதனால் கார்பைடு பர், அதாவது சுழன்று குடையும் பல்வைத்த முனை, இரண்டு வேண்டும். அலுமினியத்துக்கு அகலப் பல், மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு. இரும்புக்கு நெருக்கப் பல், குறுக்குவெட்டு உள்ளது.

காற்று கிரைண்டர் வாங்கி ஏமாந்தேன். என் சின்ன கம்ப்ரசர் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது. வேகம் குறைக்கிற கரண்ட் கிரைண்டரே போதும். ஆறு மில்லிமீட்டர் தண்டு என்றால் ஆட்டம் குறைவு. பெட்ரோல் கலவை மேலேறும் டிரான்ஸ்ஃபர் வழியின் வளைவுக்குள் மூன்று மில்லிதான் நுழையும், அதற்கு வளைதண்டும் பல் டாக்டர் கைப்பிடி மாதிரி ஒன்றும் தேவை.

நீளத் தண்டுப் பர்ரை மட்டும் நிமிடத்துக்கு 25,000 சுற்றில் ஓட்டாதீர்கள். ஒருநாள் ஓட்டினேன். தண்டு சாட்டைபோல் உதறி, பர் துள்ளி, பிஸ்டன் ஓடும் உள்சுவரான போரில் ஒரு கோடு கிழித்தது. ஒரு சைஸ் ஏற்றி உள்சுவரைக் கடைந்து ரீபோர் செய்து, புது பிஸ்டனும் என் காசில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆசைக்கும் அளவு உண்டு. 50 மில்லி போரில் எக்ஸாஸ்ட் வாயை 35 மில்லிக்கு மேல் அகட்டினால் பிஸ்டன் ரிங் அந்த வாயில் பிதுங்கி மாட்டும்.

போர்ட் விளிம்பை மழுக்குவது இன்றும் கைவேலைதான், சின்ன அரத்தில். செங்கோட்டைப் பையன் ஒருவன் இப்போது என்னிடம் பழகுகிறான். "மிஷின்லயே முடிச்சா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டான். சிலிண்டரை அவன் கையில் கொடுத்து, உள்ளே நகத்தை ஓட்டச் சொன்னேன். ஓர் இடத்தில் தட்டியது. பேசாமல் அரத்தை எடுத்துக்கொண்டான்.