ஆர்2-டி2 கட்டும் வேலை: பதினான்காம் மாதம், தலை திரும்பிவிட்டது

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஆர்2-டி2 என்ற ரோபோவை, சுருக்கமாக ஆர்ட்டூவை, வீட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் அதன் தலை என் கை படாமல் தானாகத் திரும்பியது. பக்கவாட்டில் மெதுவாகப் போய், கொஞ்சம் தாண்டி, திரும்ப வந்து நின்றது. பதினான்கு மாதமாக நான் காத்திருந்தது இந்த இரண்டு நொடிக்காகத்தான். இதுவரை செய்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு நேரம் எங்கே கரைகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

முதலில் எந்த ஆர்ட்டூ என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் இருக்கும் வடிவம், ஏறத்தாழ 1.09 மீட்டர் உயரம், மூன்று காலில் சாய்ந்து நிற்கும் நிலை. இரண்டு காலில் நின்று மூன்றாவது காலை உள்ளிருந்து இறக்கும் வித்தையை நான் தொடவில்லை. படத்திலேயே அதை ஒரே எந்திரம் செய்யவில்லை. இரண்டு காலில் நின்று ஆடி ஆடி வரும் ஆர்ட்டூவின் உள்ளே கென்னி பேக்கர் என்ற நடிகர் இருந்தார், மூன்று காலில் உருண்டு போனது ரிமோட்டில் ஓடிய வேறொன்று, இரண்டையும் படத்தொகுப்பில் ஒட்டினார்கள். அவர்கள் வெட்டி ஒட்டியதை நான் வீட்டுக்குள் ஒரே உடம்பில் செய்யப் போனால் இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதனால் கால்கள் நிலையாக, உடம்பு பின்பக்கமாக ஏறத்தாழ 18 டிகிரி சாய்வில். முடிவு எடுத்த அன்றே பாதி சுமை இறங்கியது.

தலைதான் முதலில் ஆரம்பித்தேன், அது சரியா தவறா என்று இன்றும் எனக்குள் ஒரு விவாதம் உண்டு. குறுக்களவு சுமார் 46 செ.மீ. என் 3டி பிரிண்டரின் மேடை 22 செ.மீ. சதுரம். எட்டுத் துண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் அகலமும் 17.6 செ.மீ. வரும், வசதியாக உட்காரும். ஒரு துண்டுக்குப் பதினான்கு மணி நேரம். நான் கவனிக்காமல் விட்டது ஒட்டும் இடத்தின் இடைவெளியை. ஒரு இணைப்பில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, 0.4 தான், கண்ணுக்கே தெரியாது. எட்டு இணைப்பு சேர்ந்தால் சுற்றளவில் 3.2 மி.மீ., குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரும் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருந்தால் பிரச்சினை இல்லை, பரவவில்லை, ஒரு பக்கம் லேசாக முட்டை மாதிரி ஆகிவிட்டது. அது சுழலும்போதுதான் தெரியும், கழுத்துக்கும் தலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடும். எல்லாத் துண்டையும் வெந்நீரிலும் ஹீட் கன்னிலும் வைத்துச் சரிசெய்யப் பார்த்து, முடியாமல், கடைசியில் பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி, துண்டுகளை அந்த வளையத்தின் மேல் வைத்துத் திருகாணியால் இழுத்துப் பிடித்து ஒட்டினேன். வட்டமாக இருக்க வேண்டியது வளையம், தலையின் ஓடு அதைப் பின்பற்றிக்கொள்ளும். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று, உச்சி. பிரிண்டர் அடுக்கடுக்காகப் போடுவதால் செங்குத்தான பகுதியில் கோடுகள் நெருக்கமாக இருக்கும், மேலே போகப் போகப் பரப்பு படுத்துவிடும், கோடுகள் படிக்கட்டு ஆகிவிடும். சரிவு 10 டிகிரி ஆகும் இடத்தில், 0.2 மி.மீ. அடுக்கு என்றால் ஒவ்வொரு படியும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலம். உச்சியை மட்டும் தனித் துண்டாக, 0.08 மி.மீ. அடுக்கில் மறுபடி அடித்தேன், படியின் அகலம் பாதிக்கும் கீழே போனது. நேரம் இரண்டரை மடங்கு ஆனது, ஆனால் உப்புத்தாள் போடும் வேலையில் அதைவிட அதிகம் மிச்சமானது.

உப்புத்தாள் என்றதும் சொல்லிவிடுகிறேன், இந்தத் திட்டத்தின் உண்மையான அளவு அதுதான். பிரிண்ட் ஆகி வந்த பொருள் முடிந்த பொருள் என்று நினைத்தால் ஏமாற்றம் வரும். பட்டி பூசி, காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளில் (எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும்) தேய்த்து, பிரைமர் அடித்து, அது காட்டிக்கொடுக்கும் பள்ளங்களில் மறுபடி பட்டி, 240, மறுபடி பிரைமர், 400. தலைக்கு மட்டும் ஆறு சுற்று. பிரிண்டரில் போடும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கை வேகமாகத் தேய்த்தால் சூடாகி இளகி, தாளில் அப்பிக்கொள்ளும், தண்ணீர் விட்டு நிதானமாகத் தேய்ப்பதே வழி, தூசும் பறக்காது. காய்ந்த பட்டியைத் தேய்க்கும்போது நல்ல முகமூடி கண்டிப்பாக வேண்டும், இதில் சமரசமே வேண்டாம். கண்ணை நம்பாதீர்கள் என்றும் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் பள்ளம் எங்கே என்று கை சொல்லிவிடும். வெள்ளிப் பெயின்ட்டுக்கு அடியில் பளபளப்பான கருப்பு அடிக்க வேண்டும், அந்தக் கருப்பு கண்ணாடி மாதிரி இருந்தால்தான் மேலே உலோகம் மாதிரித் தெரியும், ஒரு கீறல் இருந்தாலும் வெள்ளி அதைப் பெரிதாக்கிக் காட்டும்.

உடம்பும் காலும் இதற்கு நேர்மாறு, சீக்கிரம் முடிந்தன. பிளைவுட் வளையங்கள், நடுவே நிமிர்ந்த சட்டங்கள், மேலே ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தாள் சுற்றியது. கால்கள் மூன்று பிளைவுட் அடுக்கு ஒட்டியவை. பேட்டரி இரண்டையும் பாதங்களின் பக்கத்தில் இருக்கும் பெட்டிகளில் வைத்தேன், வடிவத்தில் அந்தப் பெட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன, எடையும் தரையோடு தங்கிவிடும். மொத்தம் இப்போது 38 கிலோ.

அந்த 38 கிலோ ஒரு நாள் சுவரில் போய் மோதியது. ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையிலிருந்த கன்ட்ரோலரின் சார்ஜ் தீர்ந்தது, மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கடைசியாகக் கிடைத்த கட்டளை 'முன்னே போ', அது முன்னே போய்க்கொண்டே இருந்தது. யாரும் குறுக்கே இல்லை, முன் பாதத்தில் ஒரு விரிசல் மட்டும். அன்று இரவே நிரலில் அரை நொடி சிக்னல் வரவில்லை என்றால் மோட்டாரை நிறுத்தச் சொல்லி எழுதினேன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டேன், முதுகில் கை எட்டும் இடத்தில் ஒரு சிவப்பு பட்டன் வைத்தேன். சக்கரம் சுற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இவை.

நடுக்காலில் இருக்கும் சுழல் சக்கரமும் கொஞ்சம் படுத்தியது. முன்னே போய்விட்டுப் பின்னே வரும்போது அந்தச் சக்கரம் தன்னைத்தானே திருப்பிக்கொள்ளும், திரும்பும் அந்த நேரத்தில் முழு உடம்பையும் பக்கவாட்டில் தள்ளும். ஒரு பெரிய சக்கரத்துக்குப் பதில் இரண்டு சின்னச் சக்கரம் போட்டதும் தள்ளல் கிட்டத்தட்ட நின்றது.

சரி, தலைக்கு வருகிறேன். தலை சுற்ற ஒரு பெரிய வளைய பேரிங், அதன் விளிம்பில் உரசிக்கொண்டு ஓடும் ரப்பர் உருளை, அதன் பின்னால் மோட்டார். தலை நிற்காமல் சுற்ற வேண்டும் என்றால் ஒயர் முறுக்கிக்கொள்ளக் கூடாது, அதற்குச் சுழலும்போதும் மின்சாரத்தைக் கடத்தும் ஸ்லிப் ரிங் வேண்டும். நான் முதலில் கரன்ட், சிக்னல் எல்லாவற்றையும் அதன் வழியாகவே அனுப்பினேன். நின்றால் எல்லாம் வேலை செய்யும், சுற்ற ஆரம்பித்ததும் விளக்குகள் கிறுக்குப் பிடித்த மாதிரி மின்னும். காரணம் ஐ2சி. ஒரே பலகைக்குள் பக்கத்துப் பக்கத்துச் சில்லுகள் பேசிக்கொள்ள வந்த முறை அது, நீள ஒயரில், சுழலும் தொடுமுனை வழியாக, மோட்டார் இரைச்சலுக்கு நடுவே அது தாங்காது. மூன்று வாரம் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வழியையே மாற்றினேன். ஸ்லிப் ரிங்கில் கரன்ட் மட்டும். தலைக்குள் ஈஎஸ்பி32 என்ற வயர்லெஸ் வசதியுள்ள சின்னக் கணினிச் சில்லு ஒன்று, உடம்புக்குள் இன்னொன்று, இரண்டும் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளும். அன்றிலிருந்து ஒரு முறைகூட உளறவில்லை.

தலையின் மேல் உள்ள சின்னக் கதவுகளைத் திறக்கப் பத்து சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னால் ஈஎஸ்பி32 ரீசெட் ஆகி எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். சர்வோ ஒவ்வொன்றும் கிளம்பும் நொடியில்தான் மிக அதிகமாகக் கரன்ட் இழுக்கும், பத்தும் சேர்ந்து இழுத்தால் வோல்ட்டேஜ் சரியும், மூளை மயங்கும். சர்வோக்களுக்குத் தனி சப்ளை கொடுத்தேன், கிரவுண்டை மட்டும் பொதுவாக வைத்தேன். கூடவே பாதுகாப்புக்காக ஒவ்வொரு கதவுக்கும் நடுவே 80 மில்லி நொடி இடைவெளி விட்டேன்.

அந்த 80 மில்லி நொடியில்தான் எனக்கு எல்லாம் மாறியது. கதவுகள் படாரென்று ஒன்றாகத் திறந்தபோது அது ஒரு பெட்டி. ஒன்றன்பின் ஒன்றாக, அலை மாதிரி திறந்தபோது ஏதோ ஒன்று உள்ளிருந்து முடிவெடுத்துத் திறக்கிற மாதிரி இருந்தது. கரன்ட் பிரச்சினைக்காகச் செய்த வேலை. அப்புறம் எல்லா அசைவையும் இந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன், எவ்வளவு தூரம் என்பதைவிட எது முதலில், எது பிறகு, நடுவில் எவ்வளவு நேரம்.

தலை திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு நேராக வேகம் கொடுத்தால் தலை வெடுக்கென்று கிளம்பி வெடுக்கென்று நிற்கும், ரப்பர் உருளை வழுக்கும், உடம்பும் அதிரும். இப்போது 350 மில்லி நொடியில் வேகம் ஏறுகிறது, முடிவில் அதே மாதிரி இறங்குகிறது, நிற்க வேண்டிய இடத்தை நான்கு டிகிரி தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. உருளை கொஞ்சமாவது வழுக்கத்தான் செய்யும், அதனால் மோட்டாரில் எண்ணும் கணக்கு மெல்ல மெல்லத் தவறும். வளையத்தின் அடியில் ஒரு காந்தம் ஒட்டி, காந்தத்தை உணரும் ஹால் சென்சாரை அது கடக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வருகிறேன்.

ஒலியும் இதில் சேர்ந்துதான் வர வேண்டும். படத்தில் ஆர்ட்டூவின் குரலை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் உருவாக்கினார், ஏஆர்பி 2600 என்ற, மின்னொலி உண்டாக்கும் சின்தசைசரோடு தன் சொந்தக் குரலையும் கலந்து. அந்தக் கூவலில் வார்த்தையே இல்லை, ஆனால் கோபமா பயமா என்று நமக்குப் புரிகிறது. நானும் சில வாரம் என் குரலைப் பதிந்து, சுருதியை ஏற்றி, மின்னொலியோடு கலந்து பதினைந்து ஒலிகள் செய்தேன். முதலில் ஒலியையும் தலை அசைவையும் ஒரே நேரத்தில் தொடங்கினேன். அறைக்குள் வந்த என் தம்பி, "அக்கா, சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் காதில் அது ஸ்பீக்கர்.

பிறகு வரிசையை மாற்றினேன். முதலில் தலை அவன் பக்கம் திரும்பும். கால் நொடி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒலி. இந்தக் கால் நொடியைப் பிடிக்கத்தான் நிறைய நேரம் போனது, ஏனென்றால் நான் வைத்திருக்கும் எம்பி3 பலகை கட்டளை வாங்கிய உடனே பாடாது, சிறு தாமதம் உண்டு. போனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்து, தலை நின்ற ஃபிரேமில் இருந்து ஒலி வரும் வரை எண்ணி எண்ணிச் சரிசெய்தேன். மறுநாள் தம்பி உள்ளே வந்தான், ஆர்ட்டூ திரும்பியது, நின்றது, இரண்டு சின்னக் கூவல் கொடுத்தது. அவன் அதைப் பார்த்து "என்ன?" என்றான். கேட்டுவிட்டுத்தான் என்னைப் பார்த்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதனால் விளக்குகளையும் திருத்தி எழுதினேன். முன்பக்கம் நீலம், வெள்ளையில் மின்னும் சின்னத் திரைகளும், சிவப்பு நீலம் மாறி மாறி வரும் வட்ட விளக்கும் முன்பு தம் இஷ்டத்துக்கு மின்னிக்கொண்டிருந்தன. இப்போது பேசும்போது வேகமாகவும், சும்மா நிற்கும்போது நிதானமாகவும் மின்னுகின்றன.

பெயின்ட்டில் நீலம் மட்டும் பாக்கி. எந்த நீலம் என்பதில் கட்டுபவர்களுக்குள் ஒருபோதும் ஒத்துப்போகாது. வெளிச்சத்துக்கு ஏற்ப அது ஒரு காட்சியில் ஊதா கலந்தும் ஒரு காட்சியில் அடர்ந்தும் தெரிகிறது, விண்வெளிக் காட்சிகளில் நீலத் திரை முன் எடுத்ததால் அந்தப் பட்டைகள் கருப்பாகவே தெரியும். நான் நான்கு மாதிரிப் பலகை அடித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கு மேல் ஒளி ஊடுருவும் நீலம் போட்டதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, பகலில் ஒரு மாதிரியும் விளக்கில் வேறு மாதிரியும் தெரிகிறது.

அடுத்தது, நடக்கும்போது உடம்பு லேசாக இடவலமாக ஆட வேண்டும். கென்னி பேக்கர் உள்ளே இருந்து ஆட்டிய அந்த ஆட்டம். இரண்டு பக்கச் சக்கரங்களின் வேகத்தையும் மாறி மாறி ஒரு துளி கூட்டிக் குறைத்தால் கிடைக்குமா என்று பார்க்கப் போகிறேன். முதல் முயற்சியில் மூக்கைத் திருப்பித் திருப்பி வந்தது, ஆட்டமாகத் தெரியவில்லை. நடுக்காலுக்கு ஒரு ஸ்பிரிங் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் வந்து சேர்ந்ததும் தொடர்கிறேன்.