விளிம்பின் மேல் யாரும் ஓடுவதில்லை

பள்ளி மைதானத்தின் வரலாற்றை எழுதித் தரக் கேட்டபோது, ஒரு வாரத்து வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். எட்டு மாதம் ஆனது.

முதலில் பழைய மாணவர்களிடம் போனேன். ஒரு சுற்று 440 கெஜம் என்று ஒருவர் சத்தியம் செய்தார். 400 மீட்டர்தான் என்று அவருடைய வகுப்புத் தோழரே அடித்துச் சொன்னார். இருவரும் அதே பாதையில் ஓடியவர்கள்! நிலப் பத்திரத்தில் நான்கு எல்லைகள் இருந்தன, ஓடுபாதை இல்லை. ஆண்டு மலர்களிலோ பரிசு கொடுத்தவர்களின் படங்கள்தான் பக்கம் பக்கமாக.

பிறகுதான் மண்ணைக் கிளறத் தோன்றியது. வளைவில் ஒரு சாண் ஆழம் வெட்டியதும் ஓடுபாதையின் உள்பக்கச் செங்கல் விளிம்பு தட்டுப்பட்டது. அதற்கு வெளியே கறுப்பாக, விரலில் ஒட்டும் கரிச்சாம்பல். ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்ததே 1968இல், மெக்சிகோவில்தான். அதுவரை சாம்பலிலும் செங்கல்பொடியிலும் ஓடியவர்கள்தான் உலக வீரர்கள்.

இரும்பு நாடாவை விளிம்பையொட்டிப் பிடித்து, இரண்டு சனிக்கிழமைகள் அளந்தோம். 400.4 மீட்டர் வந்தது. வளைவில் நாடா கொஞ்சம் விலகியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, 400 மீட்டர் என்று எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "விளிம்பின் மேலேயா ஓடுவார்கள்?" என்றார்.

முதல் தடத்தை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பதுதான் விதி. மைதானம் பெரிதோ சிறிதோ, அந்த 30 செ.மீ. ஒரு சுற்றுக்கு 1.88 மீட்டரைக் கூட்டும். கூட்டினேன்: 402.3. 440 கெஜம் என்பது 402.34 மீட்டர்.

தோழர் சொன்னதும் பொய்யில்லை. தொடக்கக் கோட்டருகே இரண்டு குத்துக்கற்கள் இருந்தன. ஒன்று எல்லைக்கல்லாக இருக்கும் என்று விட்டிருந்தேன். இடைவெளியை அளந்தால் 2.3 மீட்டர். இடையில் மீட்டருக்கு மாறியபோது கோட்டை மட்டும் முன்னே நகர்த்தியிருக்கிறார்கள்.

சாதனைப் பலகையில்தான் சிக்கல். 400 மீட்டர் என்ற தலைப்பின் கீழ் பழையவர் 52.4 நொடி, அவரை முறியடித்தவர் 52.2. பழையவர் ஓடியது 440 கெஜம். அந்தக் கூடுதல் தூரத்துக்கு ஏறக்குறைய 0.3 நொடி பிடிக்கும். அதைக் கழித்தால் 52.1, பழையவரே 0.1 நொடி முந்துகிறார். ஆனால் கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்சில் 0.1 நொடி கட்டைவிரலோடு போய்விடும். அதனால் வரிசையில் கை வைக்கவில்லை. பழையவர் பெயருக்கு எதிரே 440 கெஜம் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.